பச்சை நம்பர் பிளேட்டும் புளியரை மலைச்சாலையும்

கேரள எல்லையை ஒட்டிய புளியரைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பெட்ரோல் பங்குகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பாருங்கள். வரிசையில் பாதி வண்டி கே.எல். நம்பராக இருக்கும். 2025-இல் நம் பக்கம் லிட்டர் 101 ரூபாயை ஒட்டி இருந்த பெட்ரோல் மலைக்கு அந்தப் பக்கம் 106, 107. பாலருவிக்கோ குற்றாலத்துக்கோ வந்தவர்கள் திரும்பும்போது டேங்கை நிரப்பிக்கொண்டு போவார்கள். செங்கோட்டைக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. ஊர் நுழைவு வளைவில் சங்கு முத்திரை இன்றும் இருக்கிறது. அரிசி, மரம், தேங்காய், வரி எதுவானாலும் மலைக்கு இரண்டு பக்கத்து விலையையும் கேட்டுவிட்டுத்தான் இங்கே முடிவெடுப்பார்கள். மின்சாரக் கார் வாங்குவதிலும் எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

நான் வரிக் கணக்கு எழுதுகிறவன். ஜி.எஸ்.டி., வருமான வரி இரண்டும் பார்க்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தென்காசி, கடையநல்லூர். மீதிப் பேர் புனலூர், ஆரியங்காவு பக்கம் கடை வைத்திருக்கிற தமிழர்கள். மாதம் சராசரி 1,600 கிலோமீட்டர் ஓடுவேன். பழைய பெட்ரோல் கார் மலை ஏறி இறங்கியதில் லிட்டருக்கு 15 கொடுத்தது. மாதம் பத்தாயிரத்துக்கு மேல் பெட்ரோலுக்கே போயிற்று. 2024 தை மாதம் மின்சாரக் கார் எடுத்தேன். 2025 தீபாவளியோடு 21 மாதம் ஆயிற்று, மீட்டரில் 34,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "கவர்மென்ட் எவ்வளவு தர்றாங்க?" என்பதுதான். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அரசாங்கம் நம் கையில் பணம் எதுவும் தருவதில்லை. நாம் கட்ட வேண்டியதில் சிலவற்றை வேண்டாம் என்று விடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த "வேண்டாம்" பெரிய தொகை. முதலாவது ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்சார வாகனங்களுக்கு 12 சதவீதமாக இருந்தது 5 ஆனது. இது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் பெட்ரோல், டீசல் கார்களின் வாழ்நாள் வரி உயர்ந்தது. 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம். நான் வாங்கியபோது மின்சாரக் காருக்கு முழு விலக்கு. மூன்றாவது, பதிவுச் சான்றிதழ் கட்டணத்தை 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தள்ளுபடி செய்தது. இது சில நூறு ரூபாய்தான்.

நான் வாங்கிய நாளில் போட்ட கணக்கு இன்னும் என் டைரியில் இருக்கிறது. மின்சாரக் கார் ஷோரூம் விலை 14,70,000. சாலை வரி பூஜ்யம். இன்சூரன்ஸ் 60,000. ஆக 15,30,000. கிட்டத்தட்ட அதே அளவு, அதே வசதி உள்ள பெட்ரோல் கார் 11,50,000. சாலை வரி மட்டும் 2,07,000. இன்சூரன்ஸ் 48,000. ஆக 14,05,000. ஷோரூமில் 3,20,000 ஆக இருந்த வித்தியாசம், வண்டி சாலைக்கு வரும்போது 1,25,000 ஆகச் சுருங்கியது. அந்த இடத்தில்தான் என் மனது மாறியது. மாதம் பெட்ரோலில் மிச்சமாவது 8,400 என்று வைத்தால் 15 மாதத்தில் அந்த 1,25,000 வந்துவிடும். வந்தும் விட்டது.

ஆனால் என்னைப் போல ஓடாதவர்களுக்கு இதே கணக்கை நான் சொல்வதில்லை. மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகிற ஒருவருக்கு மிச்சம் 2,600 ரூபாய் அளவுதான். அவருக்கு 1,25,000 திரும்ப நான்கு வருடம் ஆகும். அதிலும் இப்போது இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், முன்பு செஸ் என்கிற கூடுதல் வரியோடு சேர்த்து 29. மின்சாரக் காருக்கு அதே 5. நான் ஒப்பிட்ட அந்தப் பெட்ரோல் காரை இந்தப் புதிய வரியில் கணக்குப் போட்டால் விலை லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். விலை இறங்கினால் சாலை வரியும் இறங்கும். வித்தியாசம் 2,40,000 பக்கம் போய்விடுகிறது. என் ஓட்டத்துக்கு 15 மாதம் என்பது 28, 29 மாதம் ஆகிறது. 500 கிலோமீட்டர்காரருக்கு ஏழு வருடத்துக்கு மேல். போன வருடம் வாங்கியவர் சொன்ன லாபத்தை அப்படியே நம்பி இந்த வருடம் வாங்காதீர்கள். நீங்கள் வாங்குகிற வாரத்து விலையை வைத்து நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

தேதி என்பது இதில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் விசாரிக்கப் போனபோது விற்பனைப் பையன், "சார், லோன் போட்டா வட்டியில ஒன்றரை லட்சம் வருமான வரியில கழிச்சுக்கலாம்" என்றான். என் தொழிலே அது என்று அவனுக்குத் தெரியாது. அவன் சொன்னது 80 இ.இ.பி. பிரிவு. உண்மையில் இருந்த சலுகைதான். ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும். நான் போனது 2024 ஜனவரி. ஒன்பது மாதத்துக்கு முன் கதவு மூடிவிட்டது. அவனுக்குப் பயிற்சி கொடுத்த காகிதத்தில் அது அப்படியே இருந்திருக்கிறது. தெரியாத ஒருவர் அதை நம்பிக் கடன் தொகையைக் கூட்டியிருப்பார்.

அதே பிரிவில் என் வாடிக்கையாளர் ஒருவர் தப்பித்த கதையும் உண்டு. கடையநல்லூரில் மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி. 2023 மார்ச் கடைசி வாரம் போன் செய்து, "தம்பி, வண்டி ஏப்ரல்லதான் வருதாம். சலுகை போயிருமா?" என்று கேட்டார். வண்டி எப்போது வந்தாலும் சரி, வங்கி கடனை அனுமதித்த தேதிதான் கணக்கு என்று சொன்னேன். அவர் அன்று மதியமே வங்கிக்குப் போய் உட்கார்ந்து 29-ஆம் தேதி போட்ட அனுமதிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கடிதத்தின் நகலை இன்றுவரை என் அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். அவர் பழைய வரி முறையிலேயே இருப்பதால் ஒவ்வொரு வருடமும் அந்த வட்டி கழிகிறது. புதிய வரி முறைக்கு மாறினால் கழியாது. அசலுக்கும் இது கிடையாது, வட்டிக்கு மட்டும்தான்.

மின்சார வண்டிகளுக்கு மத்திய அரசு கொடுத்த ஃபேம் மானியத்தைப் பற்றியும் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடந்த அந்த இரண்டாம் கட்டத் திட்டத்தில் கார்களுக்கு மானியம் இருந்தது, ஆனால் வாடகைக்கு ஓடுகிற கார்களுக்கு மட்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கு இல்லை. 2024 அக்டோபரில் ஆரம்பித்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் இரு சக்கரம், மூன்று சக்கரம், பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்தன, கார் சேரவில்லை. ஆக சொந்தக் கார் வாங்குகிறவருக்குக் கையில் நிற்பது குறைந்த ஜி.எஸ்.டி.யும் சாலை வரி விலக்கும்தான்.

தொழிலுக்கு ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் காருக்கு வருமான வரிக் கணக்கில் தேய்மானம் வருடம் 15 சதவீதம். மின்சார வாகனத்துக்கு 40. நான் தொழிலுக்கு ஓட்டுகிற பங்குக்கு இதை எடுக்கிறேன். ஆனால் காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுக்க, அதாவது தொழிலில் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியாது. மின்சாரக் கார் என்பதால் அந்தத் தடை விலகிவிடாது. இன்னொன்று, 10 லட்சத்துக்கு மேல் எந்தக் கார் வாங்கினாலும் டீலர் ஒரு சதவீதம் டி.சி.எஸ்., அதாவது நம் பெயரில் முன்கூட்டியே கட்டுகிற வருமான வரி, பிடிப்பார். எனக்கு 14,700. அது செலவு கிடையாது, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்ப வரும். அதை எடுக்காமலே விட்டவர்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது எல்லைக் கதைக்கு வருகிறேன். என் மனைவியின் தம்பி புனலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். என் காரில் நாலு தடவை உட்கார்ந்து போனதும் அவனுக்கும் ஆசை வந்தது. 2025 மே மாதம் பார்த்து வைத்த கார் 18 லட்சம். கேரளத்தில் மின்சாரக் காருக்கு முன்பு சாலை வரி ஒரே மாதிரி 5 சதவீதம்தான். 2025 ஏப்ரல் 1 முதல் 15 லட்சத்துக்கு மேல் 8, 20 லட்சத்துக்கு மேல் 10 என்று ஆக்கிவிட்டார்கள். 18 லட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் 1,44,000. மலைக்கு இந்தப் பக்கம் பூஜ்யம். ஒரு சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

"அத்தான், உங்க வீட்டு அட்ரஸ்ல ரெஜிஸ்டர் பண்ணிருவோமா? ஒன்றரை லட்சம் மிச்சமாகும்ல."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். சொந்தத் தம்பி. ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் முடியாது என்றேன். வண்டி நிற்பது புனலூரில், ஓடுவது புனலூரில். ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை 12 மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநில எண்ணுக்கு மாற்ற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றும்போது அங்கே வரி கட்டித்தான் ஆக வேண்டும். அது வரைக்கும் டி.என். நம்பரோடு தினமும் கடை வாசலில் நிற்கிற வண்டியை யாராவது ஒரு நாள் கேட்பார்கள். பொய் முகவரி கொடுத்ததற்கு நானும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்து வியாபாரிகளுக்கும் கணக்கு எழுதுகிற நான் இதைச் செய்தால் அப்புறம் எந்த முகத்தோடு மற்றவர்களுக்கு "சரியாக எழுதுங்கள்" என்று சொல்வேன்?

அவனுக்கு இரண்டு நாள் வருத்தம். பிறகு இருவரும் உட்கார்ந்து விலைப் பட்டியலை முழுக்கப் பார்த்தோம். 15 லட்சம் என்கிற கோடுதான் முக்கியம் என்று அப்போது தெரிந்தது. 15,20,000 ரூபாய் காருக்கு 8 சதவீதத்தில் வரி 1,21,600. 14,80,000 ரூபாய் காருக்கு 5 சதவீதத்தில் 74,000. கூரையில் கண்ணாடி, பெரிய திரை, வேறு சில அலங்காரங்கள், இவற்றை விட்டால் அவனுக்கு வேண்டிய பேட்டரி அளவு 14,80,000-க்கே கிடைத்தது. அதை எடுத்தான். கே.எல். 25 என்று, மின்சாரக் காருக்கு உரிய பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. நேர்மையாகவே எழுபதாயிரம் வரி குறைந்தது, கார் விலையில் மூன்று லட்சத்துக்கு மேல் குறைந்தது. வரி அடுக்கின் கோட்டுக்கு மேலே பத்தாயிரம், இருபதாயிரத்தில் நிற்கிற மாடலை எடுக்கும் முன் ஒருமுறை கீழே குனிந்து பாருங்கள்.

தமிழ்நாட்டில் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். நான் எடுத்தபோது நடப்பில் இருந்த ஆணை 2025 டிசம்பர் 31 வரைக்குமான விலக்கு. முன்பணம் கட்டுகிறவர்கள், விலக்கு எந்தத் தேதி வரை என்று கேட்டுவிட்டு, கார் எப்போது கையில் வரும், பதிவு எந்தத் தேதியில் நடக்கும் என்பதை டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். 14,70,000 ரூபாய் காருக்கு 18 சதவீதம் என்றால் 2,64,600. காத்திருப்புப் பட்டியலில் இரண்டு வாரம் தள்ளிப்போவதில் அவ்வளவு பணம் தொங்கக்கூடும்.

சலுகையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், கார் வந்த முதல் மாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று. வீட்டு வயரிங்.

எங்கள் வீடு அப்பா கட்டியது. போர்டிகோவில் ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் உண்டு. காரோடு வந்த சார்ஜர் 3.3 கிலோவாட், "15 ஆம்பியர் பாயிண்ட் இருந்தால் போதும் சார்" என்றார்கள். நானும் குத்தினேன். ஐந்தாவது ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாதான் எழுப்பினார்கள். "ஏதோ கருகுற வாடை வருதுய்யா." வெளியே வந்து பார்த்தால் பிளக் பாயிண்டின் பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. மெயினை அணைத்தேன். அன்று அம்மா விழித்திருக்காவிட்டால் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

காலையில் எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சுவரை உடைத்துக் காட்டினார். பாயிண்ட் 15 ஆம்பியர்தான், ஆனால் உள்ளே போயிருப்பது லைட்டுக்குப் போடுகிற ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் ஓடும், கெய்சர் இருபது நிமிடம் ஓடும். கார் ஒன்பது மணி நேரம் விடாமல் 14, 15 ஆம்பியர் இழுக்கும். அதை அந்த வயர் தாங்காது. மீட்டர் பெட்டியிலிருந்து நேராகத் தனி லைன் இழுத்தோம். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பளு கூடினால் தானே அணைகிற தனி எம்.சி.பி., மனிதர் மேல் கசிவு பாய்ந்தால் துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., தரமான தொழிற்சாலை வகை சாக்கெட். இதற்கப்புறமும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் சரியில்லை என்று அர்த்தம். வீட்டின் பழைய எர்த் குழாய் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகியிருந்தது. தென்னை மரத்துக்குப் பக்கத்தில் ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்துப் புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் அடுக்கி, புதுக் குழாய் இறக்கினோம். கோடையில் வாரம் ஒருமுறை அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். மொத்தம் 14,000 ரூபாய். காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். 7 கிலோவாட் சார்ஜர் போடுகிறவர்களுக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பி வேண்டும், மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் கூட்ட வேண்டும். எனக்கு ராத்திரி முழுக்க நேரம் இருப்பதால் சின்னதே போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து கரண்ட் பில். சார்ஜில் போகிற இழப்போடு சேர்த்து மாதம் 260 யூனிட் காருக்குப் போகிறது. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதுவரை எங்கள் வீட்டில் 380 யூனிட் வரும், ஆயிரம் ரூபாயைச் சுற்றி இருக்கும். கார் வந்த பிறகு 900. பில் ஐந்தரை ஆயிரத்தைத் தாண்டியது. நம் வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. 500 யூனிட் தாண்டினால் கீழ் அடுக்கில் கிடைக்கிற சலுகையும் குறைகிறது, மேலே உள்ள யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல் போகின்றன. கார் இழுக்கிற யூனிட்டில் பெரும்பங்கு அந்த மேல் அடுக்கில்தான் விழும். அதனால்தான் என் கணக்கில் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வைத்தேன். "வீட்டில் சார்ஜ் போட்டால் ஓசி மாதிரி" என்று சொல்கிறவர்கள் பில்லைப் பார்க்காமல் சொல்கிறார்கள். ஒன்பது ரூபாயிலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான் ஆகிறது, பெட்ரோலுக்கு ஏழு ரூபாய் ஆனது. அதுவே போதுமான நல்ல செய்தி.

2024 கடைசியில் கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. ஆக 78,000 ரூபாய் மானியம். எனக்கு ஆன செலவு 1,95,000. முழுப் பணத்தையும் முதலில் நாம் கொடுத்துவிட்டு, கூரை மின்சாரத்தையும் கணக்கெடுக்கிற நெட் மீட்டர் மாட்டி, சோதனை முடிந்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்கில் விழும். கார் வாங்குகிறவருக்கு நேரடியாகக் கையில் கிடைக்கிற ஒரே மானியம் இதுதான் என்று நினைக்கிறேன். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 12 யூனிட் வருகிறது. ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் சாரல். அப்போது பாதியாகக் குறைந்த நாட்கள் உண்டு. மதுரைக்காரர் சொல்கிற சோலார் கணக்கை மலையடிவாரத்துக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாரலைச் சொன்னதும் அந்த ஜூலை ராத்திரி நினைவுக்கு வருகிறது. 2024. அம்மாவுக்கு இதயப் பரிசோதனை. எங்கள் பக்கத்தில் பெரிய வைத்தியம் என்றால் பாதிப் பேர் திருவனந்தபுரம்தான் போவார்கள். குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். என் கார் காகிதத்தில் முந்நூறுக்கு மேல். உண்மையில் 200, 210. முழு சார்ஜோடு கிளம்பி திருவனந்தபுரம் சேரும்போது 55 சதவீதம் இருந்தது. அங்கே சார்ஜ் போட நினைத்தேன், மருத்துவமனை வேலை இழுத்துக்கொண்டே போனது. சரி, திரும்பும் வழியில் ஒரு வேகச் சார்ஜர் செயலியில் காட்டுகிறதே, அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். மழை, ஏ.சி., கண்ணாடியில் பனி, ஏற்றம். அங்கே போய்ச் சேர்ந்தால் திரை இருட்டு. மரம் விழுந்து அந்தப் பகுதிக்கே கரண்ட் இல்லை. செயலி மட்டும் பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது.

ஏ.சி.யை அணைத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, மெதுவாக ஓட்டினேன். குளத்துப்புழை வரும்போது 15 சதவீதம். வீட்டுக்கு இன்னும் 38 கிலோமீட்டர், அதுவும் தென்மலை, ஆரியங்காவு காட்டுப் பாதை. பின்சீட்டில் அம்மா. வண்டியை ஒரு சேட்டன் டீக்கடை ஓரம் நிறுத்தி நிலைமையைச் சொன்னேன். அங்கே கரண்ட் இருந்தது. ஐஸ்கிரீம் பெட்டிக்கு என்று போட்ட பாயிண்டைக் காட்டி, "சாரமில்லா, இவிடெ குத்திக்கோ" (பரவாயில்லை, இங்கே குத்திக்கோ) என்றார். முதலில் கம்பி எத்தனை தடிமன் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும், ஆனால் டார்ச் அடித்துக் காட்டினார். காரில் மின்னோட்டத்தை 10 ஆம்பியருக்குக் குறைத்து வைத்து இரண்டரை மணி நேரம் போட்டோம். பாயிண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்குக் கட்டன் சாயாவும் பழம்பொரியும் கொடுத்தார். கரண்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். சாயாவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். இப்போது அந்த வழியில் போகும்போதெல்லாம் அங்கே நிற்காமல் நான் போவதில்லை.

அந்த ராத்திரிக்குப் பிறகு சில பழக்கங்களை மாற்றினேன். மலைக்கு இந்தப் பக்கம் வருகிற நாளில் புனலூரிலோ நெடுமங்காட்டிலோ 60 சதவீதத்துக்குக் கீழே கிளம்புவதில்லை. வழியில் ஒரு சார்ஜரை நம்பினால், அதற்கு முன்னால் இன்னொன்று எங்கே என்று தெரிந்துவைத்திருப்பேன். செயலியில் பச்சை காட்டுவதை நம்பாமல், கடைசியாக ஒருவர் அங்கே எப்போது சார்ஜ் போட்டார் என்று பார்ப்பேன். இரண்டு நாளாக யாரும் போடவில்லை என்றால் அதில் ஏதோ கோளாறு. வேகச் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் காத்திருப்பதில்லை, அதற்குமேல் மெல்ல மெல்லத்தான் ஏறும். கேரள மின்வாரியத்தின் நிலையங்களில் காலை 9 முதல் மாலை 4 வரை ஒரு விலை, அதற்குப் பிறகு கூடுதல் விலை; அதனால் புனலூர் வேலையைப் பகலிலேயே வைத்துக்கொள்கிறேன். பொது நிலையத்தில் சார்ஜுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. வீட்டு கரண்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். தினமும் வெளியில்தான் சார்ஜ் போட வேண்டிய நிலையில் இருப்பவர், அதாவது வாடகை வீட்டில் வாசலில் பாயிண்ட் கிடைக்காதவர், என் லாபக் கணக்கைத் தனக்குச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. என்னிடம் அப்படிக் கேட்டு வந்த இரண்டு பேரிடம், பெட்ரோலே எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

மலைச்சாலையில் இந்தக் கார் தருகிற சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். கோட்டைவாசல் தாண்டி எஸ் வளைவில் இறங்கும்போது காலை எடுத்தால் போதும், வண்டி தானே பிடித்துக்கொள்ளும், அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பிப் போகும். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு வளைந்து வளைந்து வந்தால் கீழே புளியரை வயல்கள் விரியும்போது சதவீதம் ஒன்று கூடியிருக்கும். என்ஜின் சத்தம் இல்லாததால் காட்டில் மழை விழுகிற சத்தம் கேட்கும். பிரேக் ஷூ இன்னும் முதலில் வந்ததே. டயர் மட்டும் பெட்ரோல் காரைவிடச் சீக்கிரம் தேய்கிறது. 30,000-த்தில் முன் இரண்டையும் மாற்றிவிட்டேன். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம். என் ஓட்டத்துக்கு வருடக் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் முடியும்.

இரண்டு வருடத்துக்கு முன் இந்தச் சாலையில் பச்சை பிளேட் பார்த்தால் கைகாட்டுவோம், நின்று பேசுவோம். இப்போது அப்படிக் கைகாட்டினால் வேலை நடக்காது, அவ்வளவு வண்டிகள். 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்த பிறகு எங்கள் பக்கத்துப் பையன்கள் பேச்சிலும் இதுதான்.

அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை டிசம்பர் 9. காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். போகிற வழியில் நெடுமங்காட்டுக்குப் பக்கம் ஒரு நிலையம், திருவனந்தபுரத்தில் மருத்துவமனையிலிருந்து நடக்கிற தூரத்தில் இன்னொன்று. இரண்டையும் போன வாரமே நேரில் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டேன். திரும்பும்போது குளத்துப்புழையில் நிற்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்கள். சேட்டனுக்குக் கொடுக்கப் புளியோதரை கட்டுகிறார்களாம்.